அமராவதியை அரை நாளில் கார் பேசிச் சுற்றிப் பார்க்க: நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம் இருக்கிற நமக்குச் சென்னை நூறு கிலோமீட்டர்தான். ஜவுளி எடுக்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக, பிள்ளையைக் காலேஜில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் அங்கேதான் ஓடுகிறோம். நம் நிலத்துக்கான பட்டாதார் பாஸ் புத்தகத்தில் முத்திரை குத்துகிற ஆந்திர அரசாங்கத்தின் தலைநகரமான அமராவதியோ நானூறு கிலோமீட்டர் தாண்டி கிருஷ்ணா ஆற்றங்கரையில் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய என் அப்பா, கண் நன்றாகத் தெரியும்போதே அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போன வருஷம் அழைத்துப் போனேன். அரை நாள் காருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, தலைநகரத்தில் ஒரு கட்டடத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தோம். இந்தத் தை மாதம் அப்பா, அம்மா, திருத்தணி மாமா என்று நாலு பேராக மறுபடி போய், ஆறு மணி நேரத்தில் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தோம். முதல் தடவை எங்கே தப்பு நடந்தது, இரண்டாம் தடவை என்ன மாற்றினோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. எந்த அமராவதி என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

எங்கள் முதல் பயணம் கெட்டது இந்த ஒரு விஷயத்தில்தான். அந்தப் பெயரில் பல இருக்கின்றன.

திருப்பதியிலிருந்து அமராவதி எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் கிளம்புகிறது. அது மகாராஷ்டிரத்தில் இருக்கிற அமராவதிக்குப் போகிற வண்டி. கடப்பா, கர்னூல் வழியாக வடக்கே ஏறிவிடும், விஜயவாடா பக்கமே வராது. டிக்கெட் பதிவு செய்யும்போது சேருமிடத்தில் அமராவதி என்று தேடவே தேடாதீர்கள். விஜயவாடா என்று மட்டும் தேடுங்கள். புதுத் தலைநகரத்துக்குள் இன்னும் ரயில் நிலையம் கிடையாது.

அடுத்து, ஆந்திர அரசு பஸ்ஸில் அமராவதி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அது ஊர் இல்லை, அந்த ஏசி சொகுசு பஸ் வகைக்கு வைத்த பெயர். சேருமிடம் தனிப் பலகையில் இருக்கும், அதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

மூன்றாவதுதான் எங்களைச் சாய்த்தது. ஆற்றங்கரையிலேயே அமராவதி என்று பழைய ஊர் ஒன்று இருக்கிறது. அமரலிங்கேஸ்வரர் கோயில், புத்த ஸ்தூபம், 125 அடி தியான புத்தர் சிலை எல்லாம் அங்கே. தலைநகரமாக வளர்கிற பகுதி அதற்குக் கிழக்கே, துள்ளூர், வெலகபூடி, மந்தடம் கிராமங்களைச் சுற்றி இருக்கிறது. பழைய ஊர் இப்போது பல்நாடு மாவட்டம், தலைநகரப் பகுதி குண்டூர் மாவட்டம். விஜயவாடா டிரைவர்களிடம் வெறுமனே அமராவதி என்றால் பாதிப் பேர் நேராகக் கோயிலுக்கு விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, காலங்காலமாக வெளியூர் ஆட்கள் அதற்குத்தான் வருகிறார்கள்.

நீங்கள் சொல்ல வேண்டியது, "ராஜதானி ஏரியா, வெலகபூடி சசிவாலயம், நேலபாடு ஹைகோர்ட்டு, உத்தண்டராயுனிபாலெம்." ராஜதானி என்றால் தலைநகரம், சசிவாலயம் என்றால் தலைமைச் செயலகம். இந்தக் கிராமப் பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் கோயிலுக்கு "குடி" என்பார்கள். "குடியா, ராஜதானியா?" என்று டிரைவர் கேட்டால் ராஜதானி என்று சொன்னால் போதும்.

இரண்டையும் அரை நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். ஸ்தூபத்தின் நல்ல சிற்பங்களில் ஒரு பெரிய பங்கு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அங்கே ஒரு நாள் நிதானமாகப் போய்க்கொள்ளலாம். பழைய ஊரும் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால் முழு நாள் வண்டி பேசுங்கள். அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

2. கிழமை பார்த்து நாள் குறியுங்கள்

தலைமைச் செயலகம் வாரத்தில் ஐந்து நாள்தான் வேலை செய்கிறது. சனி, ஞாயிறு போனால் சாலை காலியாக இருக்கும், கார் சீக்கிரம் ஓடும். ஆனால் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். எனக்குக் கேட்டால் வேலை நாளில் போவதுதான் நல்லது. மனு எழுதிய கவரைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்ரீகாகுளத்துக்காரரும் அனந்தபூர்க்காரரும் ஒரே கேட்டில் நிற்கிறதைப் பார்த்தால்தான் இது தலைநகரம் என்றே மனசில் படுகிறது.

சட்டசபை கூடியிருக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், முக்கியமாக பிப்ரவரி, மார்ச் பட்ஜெட் கூட்டத்தொடரை. பிரதமர் வருகை மாதிரி பெரிய விழா அறிவித்திருந்தால் அந்த வாரமே வேண்டாம். நடுவழியில் திருப்பிவிட்டுவிடுவார்கள், கார் வாடகை திரும்ப வராது.

மாதம் என்று பார்த்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வெயில் காலத்தில் விஜயவாடா வெயில் வயசானவர்களுக்கு ஆகவே ஆகாது, புது நகரத்தில் ஒதுங்க மர நிழலும் அதிகம் இல்லை. மழைக்காலத்தில் வேறு தொல்லை. அது முழுக்கக் கரிசல் பூமி. தார் ரோட்டை விட்டு இறங்கினால் சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

3. விஜயவாடாவுக்குப் போய்ச் சேருவது

சித்தூர், திருப்பதி வழியாக சேஷாத்ரி எக்ஸ்பிரஸ் போகிறது, திருப்பதியிலிருந்து திருமலா எக்ஸ்பிரஸும் இருக்கிறது. இரண்டுமே ராத்திரி வண்டிகள், பின்னிரவிலோ அதிகாலையிலோ விஜயவாடாவில் இறக்கிவிடும். பதிவு செய்வதற்கு முன் அன்றைய நேர அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை ஆட்களுக்குப் பினாகினி எக்ஸ்பிரஸ் வசதி. ஆனால் அது மதியம் சென்னையில் கிளம்பி ராத்திரியில்தான் சேரும், விஜயவாடாவில் தங்கியாக வேண்டும்.

பின்னிரவில் இறங்குகிறவர்கள் ஸ்டேஷனிலேயே இருக்கிற ஓய்வறையை ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். நாங்கள் முதல் தடவை இதைச் செய்யவில்லை. ராத்திரி மூணு மணிக்கு மேல் அம்மாவைப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்துவிட்டு லாட்ஜ் லாட்ஜாகக் கதவைத் தட்டினேன். விடியற்காலை நாலு மணிக்கு அறை எடுத்தாலும் ஒரு நாள் வாடகை முழுசாகக் கேட்டார்கள்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒவ்வொருவருக்கும் ஆதார், அசல். லாட்ஜுக்கு, ரயிலுக்கு, செயலகத்துச் சோதனைக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்கிறார்கள். செயலகத்துக்கு உள்ளே போகப் பாஸ் வேண்டும். வேலை இருந்து, யாரைப் பார்க்க வந்தோம் என்று சொல்லிப் பாஸ் வாங்கியவர்களுக்குத்தான் உள்ளே வழி. சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி என்று முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். உள்ளே விடச் சொல்லிக் காவலரிடம் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆந்திர முகவரி ஆதார் உள்ள பெண்களுக்குப் பல்லெவெலுகு என்கிற கிராமத்துப் பஸ், எக்ஸ்பிரஸ், நகரப் பஸ் ஆகியவற்றில் 2025 ஆகஸ்ட் முதல் இலவசம். சூப்பர் லக்சுரி போன்ற தூரத்து பஸ்களுக்கும், மாநிலம் தாண்டுகிற பஸ்களுக்கும் இது கிடையாது. அறுபது வயது தாண்டியவர்களுக்கு டிக்கெட்டில் 25 சதவீதம் குறைப்பு உண்டு, வயதைக் காட்ட ஆதார் கேட்பார்கள். 

சொந்தக் காரில் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நாலையும் டிஜிலாக்கரில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டாகில் போக வரச் சுங்கச்சாவடிக்குக் காணும் அளவுக்குப் பணம் இருக்கட்டும், இல்லையென்றால் அதிகம் பிடிப்பார்கள். தமிழ்நாட்டு மஞ்சள் போர்டு டாக்சியில் எல்லை தாண்டினால் அந்த வண்டிக்கு அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் ஆந்திராவுக்குத் தற்காலிக பர்மிட்டும் வரியும் கட்டியாயிற்றா என்று கிளம்புவதற்கு முன் ரசீதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். "அதெல்லாம் இருக்குங்க" என்ற வாய்ப்பேச்சை நம்பி ஏறினால் செக்போஸ்டில் அந்தப் பணத்தை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

5. கார் பேசுவது

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

முதல் தடவை ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒருவரிடம் "அமராவதி, அரை நாள், ரெண்டாயிரம்" என்று வாயால் பேசி ஏறினோம். எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், எந்தெந்த இடம், ஒன்றும் பேசவில்லை. கோயிலுக்குப் போனோம், வெளியே வந்தோம், ராஜதானி பார்க்க வேண்டும் என்றேன். அது தனி ரூட் என்றார். அங்கே கூட்டிப் போகவும் இல்லை, திரும்பி விஜயவாடா வந்ததும் கூடுதல் கிலோமீட்டர், காத்திருந்த நேரம், பேட்டா என்று 3,600 ரூபாய் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தோம். அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இந்தத் தடவை முந்தின நாளே போனில் பேசி, பேசியதை எல்லாம் வாட்சப்பில் எழுதி அனுப்பி, "ஓகே" என்று பதில் வந்த பிறகுதான் முன்பணம் 300 அனுப்பினேன். எழுத வேண்டியவை இவை: வண்டியில் எத்தனை பேர், ஏசி உண்டா, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குகிறோம், எத்தனை கிலோமீட்டர் வரை இந்த விலை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, பார்க்கிங் யார் கட்டுவது, டிரைவர் பேட்டா சேர்த்தா சேர்க்காமலா. அப்புறம் இடங்களின் பெயர்கள், போகிற வரிசையில்.

அங்கே வழக்கமான பேக்கேஜ் எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர். நான் கீழே சொல்கிற சுற்று அதற்குள் வசதியாக முடிந்துவிடும். நாலு பேருக்குச் சின்ன ஏசி கார் எங்களுக்கு 2,400 ரூபாய்க்கு வந்தது. பழைய அமராவதியையும் சேர்த்தால் எண்பதைத் தாண்டிவிடும், அப்போது கூடுதல் கிலோமீட்டர் ஓடும்.

மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் நானூறு, ஐநூறு குறைத்துச் சொல்வார்கள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், வயசானவர்களோடு போகும்போது அந்த மிச்சம் வேண்டாம்.

ஏறியதும் கிலோமீட்டர் மீட்டரைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் முன்னாலேயே எடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எங்களோடு வந்த டிரைவர் தம்பி அவரே காட்டி எடுக்கச் சொன்னார். அவர் பிறந்தது தலைநகருக்கு நிலம் கொடுத்த ஒரு கிராமத்தில்தான். கூகுள் மேப்பில் வராத வழி எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. முடிந்தால் துள்ளூர், மந்தடம், உண்டவல்லி பக்கத்து டிரைவராகவே கேளுங்கள். அங்கே கட்டுமானம் நடப்பதால் மேப் காட்டுகிற ரோடு திடீரென்று மண் மேட்டில் முடிந்துவிடும். கிழக்கு மேற்காகப் போகிற சாலைகளுக்கு ஈ-3, ஈ-7 என்றும், வடக்கு தெற்காகப் போவதற்கு என்-9 என்றும் எண்தான் பெயர். வழி கேட்டால் ஊர்க்காரர்கள் எண்ணைச் சொல்ல மாட்டார்கள், கிராமப் பெயரைத்தான் சொல்வார்கள்.

6. சுற்று: காலை எட்டேகால் முதல்

விஜயவாடாவில் டிபன் முடித்துவிட்டு எட்டேகாலுக்கு ஏறுங்கள். ஒன்பது மணிக்கு மேல் ஆபீஸ் கூட்டம் பிரகாசம் அணையின் பாலத்தில் நெருக்கும். பெரிய பஸ்களை அந்தப் பாலத்தில் விடுவதில்லை. கூட்டமாக டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும், அதற்கு அரை மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உண்டவல்லி குகை. எட்டரைக்கே போய்ச் சேர்ந்தோம், டிக்கெட் கவுண்டர் திறக்கவில்லை, கொஞ்சம் காத்திருந்தோம். ஆளுக்கு 25 ரூபாய், பதினைந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு இல்லை. ஒரே மலையை நாலு அடுக்காகக் குடைந்திருக்கிறார்கள், மேலே பாறையிலேயே செதுக்கிய அனந்தசயனப் பெருமாள் நீளமாகப் படுத்திருக்கிறார். படிகள் உயரமானவை. அம்மா முதல் அடுக்கோடு உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம் போதும். கழிப்பறை வசதியை விஜயவாடாவிலேயே முடித்துக்கொண்டு வருவது உத்தமம், தலைநகரப் பகுதிக்குள் போய்விட்டால் பெட்ரோல் பங்க்கைத் தேடித்தான் அலைய வேண்டும்.

அங்கிருந்து வெலகபூடி. வழியில் வெங்கடபாலெம் கிராமத்தில் திருமலை தேவஸ்தானம் கட்டிய வெங்கடேஸ்வர சுவாமி கோயில் இருக்கிறது. திருப்பதி பக்கத்திலேயே இருக்கிற நாம் அங்கே இறங்கி நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை, கார் போகும்போதே கும்பிட்டுக்கொள்ளலாம். ஆற்றுக் கரையை ஒட்டிய ரோட்டில் முதலமைச்சர் வீட்டுப் பக்கம் போலீஸ் நிற்கும். அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள், போனைத் தூக்காதீர்கள்.

வெலகபூடியில் செயலகமும் சட்டசபையும் பக்கத்துப் பக்கத்தில். இவை தற்காலிகமாகக் கட்டியவை, தாழ்வான கட்டடங்கள்தான். கோட்டை மாதிரி இருக்கும் என்று மாமா எதிர்பார்த்திருந்தார். புதுச் செயலகத்துக்கு ஐந்து கோபுரங்கள், அதில் ஒன்று ஐம்பது மாடி அளவுக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள், அது வேறு இடத்தில் எழும்புகிறது. கேட்டைப் படம் எடுக்க வேண்டுமென்றால் காவலரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். டிரோன் கொண்டு வந்தால் தொலைந்தோம். இங்கே கால் மணி நேரம் போதும்.

அப்புறம் உத்தண்டராயுனிபாலெம். 2015 அக்டோபர் 22 அன்று அடிக்கல் நாட்டிய இடம் இதுதான். பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். அப்போது மாநிலத்தின் கிராமம் கிராமமாகப் பிடி மண்ணும் நீரும் எடுத்து வந்து இங்கே சேர்த்தார்கள். நம் மண்டலத்துக் கிராமங்களிலும் எடுத்தார்கள். அதைச் சொன்னதும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகப் போய்க் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். கன்னங்கரேல் என்று, ஈரம் காயாமல், விரல் ரேகைக்குள் ஒட்டிக்கொண்டது. நம்ம ஊர்ச் செம்மண் இதில் எங்கே கிடக்கிறதோ என்றார். தண்ணீர் ஊற்றிக் கழுவியும் அந்தக் கருப்பு விஜயவாடா வரைக்கும் அவர் நகக்கண்ணில் இருந்தது. மூன்று போகம் விளைந்த பூமியும் இதில் சேர்ந்ததுதான், சுமார் 34,000 ஏக்கரை விவசாயிகள் அரசுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிலம் கொடுத்ததற்குப் பங்காக எங்கள் டிரைவர் வீட்டுக்கும் ஒரு மனை ஒதுக்கியிருக்கிறார்களாம், எந்த எண் மனை என்று காரை நிறுத்தியே காட்டினார். அங்கே அரை மணி நேரம் நின்றோம், அதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்து ராயபூடி பக்கம் போனால் கட்டுமானம் முழுக்க ரோட்டிலிருந்தே தெரியும். எம்.எல்.ஏ.க்களுக்கும் அதிகாரிகளுக்குமான அடுக்குமாடிகள், கோபுரங்களின் அஸ்திவாரம், கிரேன்கள். இந்த அஸ்திவாரங்கள் வேலை நின்றிருந்த வருஷங்களில் தண்ணீருக்குள் கிடந்தவை. 2024 ஆகஸ்டில் சென்னை ஐஐடி பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். 2025 மே 2 அன்று பிரதமர் மறுபடி வேலையைத் தொடங்கி வைத்தார். ரோட்டோரத்தில் நின்று பாருங்கள், கம்பி வேலிக்குள் போகாதீர்கள். கான்கிரீட் லாரிகள் இரண்டு பக்கமும் விரைகிற இடம், பிள்ளைகளைக் கையைவிட்டு நடக்க விடாதீர்கள்.

கடைசியாக நேலபாடு ஹைகோர்ட். வெளிப்புறம் செங்கல் நிறக் கல் பதித்த கட்டடம், இப்போதைக்கு அங்கே கண்ணுக்கு நிறைவாக நிற்பது அதுதான். உள்ளே போக வழக்கு வேலை இருக்க வேண்டும். எதிர் ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுப் பன்னிரண்டேகாலுக்குள் கிளம்பிவிடுங்கள், அதற்குக் காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

7. திரும்பும்போது மங்களகிரி

மங்களகிரியில் மலை மேலிருக்கிற பானகால நரசிம்மர் சன்னதி மதியம் மூன்று மணிக்கு மேல் கிடையாது. அதற்குப் பிறகு தேவர்கள் வந்து பூஜை செய்கிறார்கள் என்று ஐதீகம். பெரிய கோயில்தானே, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மேலே கார் போகிறது, படி ஏற முடியாதவர்களுக்குக் கவலையில்லை. பெருமாள் வாயில் வெல்லப் பானகம் ஊற்றுவார்கள், பாதியை ஏற்றுக்கொண்டு மீதியைப் பிரசாதமாகத் தருகிறார் என்பது நம்பிக்கை. பாட்டில் ஒன்று கையோடு வைத்துக்கொண்டால் வீட்டுக்கும் எடுத்து வரலாம்.

கீழே கைத்தறிப் புடவைக் கடைகள். நகரி, புத்தூர் ஆட்கள் என்றால் தறி தெரிந்தவர்கள்தானே. அம்மா ஒரு பருத்திப் புடவையின் நிஜாம் பார்டரைத் திருப்பி, அடிப்பக்கத்து இழையை நகத்தால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, இது கைத்தறி, அது மிஷின் என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் விலையைக் குறைத்தார். தறி தெரியாதவர்கள் டிரைவர் கூட்டிப்போகிற கடையில் முதல் விலைக்கே எடுத்துவிடாமல், நாலு கடை தள்ளி ஒரு தடவை விசாரித்துவிட்டு எடுங்கள்.

8. செலவும் திரும்பும் நேரமும்

ரயிலும் ஓய்வறையும் நீங்கலாக நாலு பேருக்கு எங்களுக்கு ஆனது: கார் 2,400, குகை டிக்கெட் 100, பார்க்கிங் 60, மதியச் சாப்பாடு 640, டிரைவர் தம்பிக்கு நாங்களாகக் கொடுத்தது 200. மொத்தம் 3,400. புடவைக் கணக்கு தனி. சில்லறைக்கு ஒரு ஐநூறு ரூபாயாவது நோட்டாக வைத்திருங்கள், தலைநகரப் பகுதியில் சில இடங்களில் சிக்னல் போய்விடுகிறது, போனில் பணம் அனுப்ப முடியவில்லை.

இரண்டேகாலுக்கு விஜயவாடா வந்துவிட்டோம். திரும்பும் வண்டியை அன்றைக்கே பிடிப்பதாக இருந்தால் ஆறு மணிக்கு முந்தின வண்டியில் டிக்கெட் போடாதீர்கள். மங்களகிரியிலிருந்து வருகிற நெடுஞ்சாலையில் லாரி ஒன்று நின்றால் ஒரு மணி நேரம் போய்விடும். கார்ப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கிலோமீட்டர் மீட்டரை இன்னொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 71 ஓடியிருந்தது.